சின்னமனூருக்கு வந்த பெரிய வண்டி

ஜோதிலட்சுமிக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது. வாழைத்தார் மண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். லோடு எப்போது வரும், எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று தெரியாத வீட்டில் கோபப்பட்டால் குடித்தனம் நடத்த முடியாது. மனசு கொதிக்கிற நேரத்தில் கண்ணை மூடி முருகா முருகா என்று நாலு தடவை சொல்லுவாள், தணிந்துவிடும். அந்தப் பெரிய வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முருகனுக்கும் ஓய்வில்லாமல் போயிற்று.

வண்டியை வாங்கி வந்தவர் அவளுடைய வீட்டுக்காரர் சுருளிராஜன். ஐம்பதை நெருங்கும் மனிதர். பீடி, சீட்டு என்று ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மண்டிக்கும் வீட்டுக்கும் பழைய மொபெட்டில்தான் போய்வருவார். குமுளிக்கு அங்கிட்டு ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு மலையாள டாக்டரிடம் வருடா வருடம் நேந்திரங்காய் எடுப்பார். அந்த டாக்டருக்கு முதுகுவலி வந்தது, தன்னுடைய பெரிய பைக்கை விற்றுவிட்டார். அவருடைய முதுகுவலி சின்னமனூருக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தது.

"இது என்னாங்க, எருமைக்கடா மாதிரி நிக்குது?" என்றாள் ஜோதிலட்சுமி வாசலில்.

"ஸ்போர்ட்ஸ் டூரர் ஜோதி. ஆயிரம் சிசி. ரேஸ் வண்டி கணக்கா ஓடும், காரு கணக்கா நோகாம உக்காந்துக்கலாம். எம்புட்டு தூரம் போனாலும் இடுப்பு வலிக்காது."

"அப்ப டாக்டருக்கு ஏன் வலிச்சுச்சு?"

சுருளிராஜன் சீட்டைத் தட்டிக் காட்டினார். "பாதி வெலைக்குக் குடுத்தாரு ஜோதி. தங்கமான மனுசன்."

"பாதி வெலைக்குக் குடுக்கிறவரு தங்கமாத்தேன் இருப்பாரு. மிச்சப் பாதியை நம்மதான குடுக்கப் போறோம்."

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அது அப்படியே பலித்தது. கேரளா நம்பர் வண்டி என்பதால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க நடையாய் நடந்தார். அது வந்ததும், இங்கே ஓட்ட வேண்டுமென்றால் இந்த ஊர் ரோடு வரியை முதலிலிருந்து கட்டு என்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு புது மொபெட்டே வாங்கியிருக்கலாம். பிறகு இன்சூரன்ஸ். பிறகு டயர் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த அளவு டயர் தேனியில் கிடையாது, மதுரையிலும் சொல்லி வைத்துத்தான் வரவேண்டும். பெட்ரோல் போட்டால் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர். சங்கிலிக்கு ஒரு தைலம், அதைத் துடைக்க இன்னொரு தைலம். அந்த வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில்கூட அத்தனை தைலம் வாங்கியதில்லை.

சரி, வாங்கித்தான் தொலைத்தாயிற்று, ஓடியாவது தொலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தெருவில் மெதுவாக வந்தால் முரண்டு பிடிக்கும். கால் ஊன்றி நிற்கும்போது கொஞ்சம் சாய்ந்துவிட்டால் பிடித்து நிமிர்த்த ஒருவரால் ஆகாது. வேகத்தடை ஏறும்போது வயிற்றில் உரசும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். மார்க்கெட் ரோட்டில் அரைமணி நேரம் நின்றால் எஞ்சின் சூட்டில் சுருளிராஜனின் தொடை இரண்டும் வெந்துவிடும். இரவு அவர் வேட்டியை வழித்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவுவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

"இதை வித்துருங்க."

"நீ ஒரு தடவை ஏறிப் பாத்துட்டுச் சொல்லு."

"நான் ஏற மாட்டேன்."

இப்படியே ஆவணியும் போய்ப் புரட்டாசி வந்தது. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் கயல்தான் போனிலேயே பஞ்சாயத்துச் செய்து வைத்தாள். ஜோதிலட்சுமி ஒரே ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து குமுளி வரை போக வேண்டும். போய்ச் சேர்ந்தபிறகும் ஆகாது என்று அவள் சொன்னால் வண்டியை விற்றுவிட வேண்டும். சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. "வீரபாண்டி கௌமாரியம்மன் மேல சத்தியம்" என்றார் சுருளிராஜன். விஜயதசமி அன்று காலையில் போவது என்று முடிவாயிற்று.

ஆயுதபூஜைக்கு முதல்நாள் தமிழ்மாறனுடைய வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் வண்டியைக் கழுவி வந்தார். மண்டி வண்டிகள் எல்லாவற்றையும் கழுவுவது அந்தத் தமிழ்மாறன்தான். சின்ன வயது, பாடுபடுகிற பிள்ளை. மறுநாள் ஜோதிலட்சுமி பூஜைக்குச் சாமான்களை எடுத்துவைத்தாள். தார் வெட்டும் அரிவாள், மண்வெட்டி, தராசு, படிக்கல் எல்லாவற்றையும் துடைத்து, துருப் பிடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். கடைசியாக அந்த வண்டிக்கு வந்தாள். பிடிக்காத வண்டிதான். அதற்காகப் பூஜையில் ஓரவஞ்சனை செய்ய முடியுமா? சக்கரத்தை ஒட்டி ஓட்டை ஓட்டையாக இரும்புத் தட்டுகள் இருந்தன. தண்ணீர் பட்டதில் அவற்றின் மேல் செம்மண் நிறத்தில் துரு படர்ந்திருந்தது. இம்புட்டுப் பணம் போட்டு வாங்கி இப்படித் துருவேற விட்டிருக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே, அரிவாளுக்குத் தடவிய அதே துணியால் முன்னால் இரண்டு தட்டுக்கும் பின்னால் ஒரு தட்டுக்கும் நன்றாக விளக்கெண்ணெய் தடவினாள். தட்டுகள் கண்ணாடியாக மின்னின. தட்டுக்கு ஒரு பொட்டும் வைத்தாள்.

மறுநாள் காலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். பழம் நசுங்கியது. பிரேக் பிடிக்க வேலையில்லாமல் மெதுவாகத் தெருவைக் கடந்தார்கள். மார்க்கெட் ரோட்டு முனையில் ஒரு குட்டி லாரி பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தது. சுருளிராஜன் பிரேக்கைப் பிடித்தார். நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தார், காலையும் மிதித்தார். வெண்ணெயைப் பிடித்த மாதிரி இருந்தது. வண்டி நிதானமாக, கோயில் யானை நடக்கிற வேகத்தில் போய், தார்க்குவியலில் முட்டி, ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்தது. கண்ணாடி ஒன்று உடைந்தது. பக்கவாட்டு மூடி குறுக்கே பிளந்தது. ஜோதிலட்சுமி நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் சிராய்ப்போடு.

தார் இறக்கிக்கொண்டிருந்த அம்மாவாசி கையைத் தட்டிக்கொண்டு வந்தான். "யண்ணே, தாரை எறக்கச் சொன்னா நீங்க வண்டியை ஏத்துறீகளே!"

சுருளிராஜன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்லை. தேனியிலிருந்து மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அடுப்படியில் நின்று அவள் கேட்டாள். "தட்டுல எண்ணெய் பட்டிருக்குண்ணே. பிரேக் கட்டை பூரா எண்ணெயைக் குடிச்சிருச்சு. இனி துடைச்சா போகாது, மூணு சோடியும் மாத்தணும். தெருவுக்குள்ளயே விழுந்தீக, தப்பிச்சீக. மலையில எறங்கயில இப்படி ஆகியிருந்தா என்னா செய்வீக?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"தமிழ்மாறன் பயதேன்!" என்று கத்தினார் சுருளிராஜன். "மின்னட்டும்னு எண்ணெயை அடிச்சு விட்டிருக்கான். என்னையும் எம்பொண்டாட்டியையும் கொல்லப் பாத்திருக்கான்!" கத்தி முடித்துவிட்டு அடுப்படிப் பக்கம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "உன்னைய ரோட்டுல அப்படிப் பாத்ததுல எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு ஜோதி. போதும். வித்துருவோம்."

அவள் கேட்டதும் இதைத்தான். எத்தனை மாதமாக வேண்டியிருப்பாள்! இப்போது அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வண்டி போய்விடும். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று சாமி விளக்குக்கு விளக்கெண்ணெயை எடுத்தவள், அதை அப்படியே வைத்துவிட்டு நல்லெண்ணெயை ஊற்றினாள்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. மண்டி வண்டிகள் தமிழ்மாறன் கடைக்குப் போவதை நிறுத்தின. தமிழ்மாறன் வீட்டுக்கே வந்துவிட்டான். சட்டை கசங்கி, கண் சிவந்து, வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, நான் தண்ணியத் தவிர ஒண்ணும் அடிக்கல. கடையில நான் தனியா கெடக்கேன், ஒரு வண்டி வரல. யக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் அப்படிச் செய்யிற ஆளா? நாளைக்கு வெள்ளிக்கெழமை. வீரபாண்டிக்கு வாங்க. ஆத்தா முன்னாடி கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். பொய் சொல்லியிருந்தா எங்கண்ணு ரெண்டும் போகட்டும்."

"அணைடா பாக்கலாம்" என்றார் சுருளிராஜன்.

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைப்பது அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒரு பிள்ளை அம்மன் சன்னதியில் போய்க் கண்ணைப் பணயம் வைப்பதா? கௌமாரிக்கு எல்லாம் தெரியும். யார் எண்ணெய் தடவியது என்றும் தெரியும், யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றும் தெரியும்.

"அவன் ஒண்ணையும் அணைக்க வேணாம்" என்றாள் ஜோதிலட்சுமி. "எண்ணெய் தடவுனது நாந்தேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"துருவேறிக் கெடந்துச்சு. அரிவாளுக்குத் தடவயில அதுக்கும் தடவுனேன். பூசைக்குத்தான தடவுனேன்? அது பிரேக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

சுருளிராஜன் ஓரடி முன்னால் வந்தார். "எத்தனை தட்டுக்குத் தடவுன?"

"மூணுக்கும்."

"பின்னாடிக்குமா?"

"ஒண்ணை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

தமிழ்மாறன் படியில் உட்கார்ந்துவிட்டான். அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. "யக்கா, இதைப் போன வாரமே சொல்லியிருந்தா எம்பொழப்பு இம்புட்டு நாறியிருக்காதே!"

"தப்புத்தேன் தம்பி. தெரிஞ்சும் பேசாம இருந்தேன். வா, இப்பவே வாரேன்." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனோடு மண்டிக்கே நடந்து போனாள். லோடுமேன்கள், கமிஷன்காரர்கள், டீ வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று, விளக்கெண்ணெய் தடவியது தான்தான் என்று சொன்னாள். ஆளாளுக்குச் சிரித்தார்கள். காது மடல் சுட்டது. சொல்லிவிட்டு வந்தபிறகுதான் அன்று ஒரு வாய்ச் சோறு இறங்கியது.

வீட்டில் சுருளிராஜன் முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். "அப்ப வண்டி மேல ஒரு குத்தமும் இல்லேல்ல?" என்றார். "மறுபடி குமுளிக்குப் போகணும்ல ஜோதி? பேச்சுன்னா பேச்சுத்தான?"

இந்த மனிதரை என்ன செய்வது? முருகா, முருகா.

பிரேக் கட்டைகள் கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்தன. உடைந்த பக்க மூடி இந்தியாவிலேயே இல்லையாம், கப்பலில் வரவேண்டுமாம். விலையைக் கேட்ட ஜோதிலட்சுமி, "பிளாஸ்டிக்குதானங்க? ஒரு கறவை மாடு வாங்கலாமே" என்றாள். கப்பல் வருகிறபோது வரட்டும் என்று பிளவை ஒயர் கட்டும் பட்டையால் இழுத்துக் கட்டினார். அத்தனை பெரிய வண்டி பல்வலிக்காரன் மாதிரி முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி புறப்பட்டார்கள். சேலை கட்டி ஏறக்கூடாது என்று கயல் போனில் சண்டை போட்டதால், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார் போட்டிருந்தாள். தலையில் ஹெல்மெட். தெருவே வேடிக்கை பார்த்தது. ஏறுவதற்கு ஏணி இல்லாத குறைதான். கடைத்தெருவைக் கடக்கும்வரை வண்டி உதறிக்கொண்டும் உறுமிக்கொண்டும் போனது. காலில் அனல் அடித்தது. பார்த்துக்கொள்ளட்டும், இதைத்தான் சொல்லப் போகிறேன் என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

பைபாஸ் ஏறியதும் எல்லாம் மாறிவிட்டது. உறுமல் அடங்கியது. உதறல் நின்றது. வாழைத்தோப்பும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் இரண்டு பக்கமும் நழுவிக்கொண்டிருந்தன. முன்னால் இருந்த கண்ணாடி மறைப்பும் வீட்டுக்காரர் முதுகும் சேர்ந்து காற்றைக்கூட விடவில்லை. வளைவில் வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஓர் அமைதி. பரவாயில்லையே என்று தோன்றியது அவளுக்கு. இதற்குத்தான் இந்த மனிதர் இப்படி ஆசைப்பட்டாரா? பேசாமல் வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்கத் தோளுக்கு மேல் எட்டினாள். கண்ணில் வேகம் காட்டும் எண் பட்டது. நூற்றுப் பதினெட்டு. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டேதான். மொபெட்டில் போகிற வேகம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

அதே நேரம் உத்தமபாளையம் தாண்டி ஒரு தென்னந்தோப்பிலிருந்து ஆட்டுமந்தை ரோட்டில் ஏறியது. சுருளிராஜன் பிரேக் பிடித்தார். புதுக் கட்டைகள் கவ்வின. அவள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. கடைசி ஆடு கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. மேய்ப்பவர் திட்டிய திட்டில் பாதிதான் ஹெல்மெட்டுக்குள் நுழைந்தது.

"பாத்தியா! எப்படி நின்னுச்சு!" என்றார் அவர்.

லோயர்கேம்ப் தாண்டி மலையேறும்போது அந்த அமைதி எல்லாம் போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் மேலே இருந்து பஸ் வந்தால் நின்று வழிவிட வேண்டும். நின்றால் சரிவில் வண்டியின் கனம் முழுவதும் ஒரு காலில் இறங்கியது. ஹேண்டில் முழுதாகத் திரும்ப மறுத்தது. ஓட ஓடத் தக்கையாக இருந்த வண்டி, நிற்க நிற்க மலையாகக் கனத்தது. குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடையில் நிறுத்தியபோது அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

டீ வரும்வரை பொறுத்திருந்தார். "சொல்லு ஜோதி."

"நல்ல வண்டிங்க."

அவர் முகம் மலர்ந்தது.

"நெசமாத்தேன். மலையில படுத்துன பாட்டை விடுங்க. கீழ வரயில மெத்தையில உக்காந்த மாதிரி இருந்துச்சு. அதுதேன் நமக்கு ஆகாது."

"என்னா சொல்ற நீ?"

"மொபெட்டு அம்பதுல போனா கையும் காலும் ஒதறும். போதும்டான்னு அதுவே சொல்லிரும். இது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. நூத்திப் பதினெட்டுல போனீக."

"போடி, அறுபதுலதான் வந்தேன்."

"நான் நம்பரைப் பாத்தேன். நீங்க பாத்தீகளா?"

சுருளிராஜன் வியாபாரிதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. "பாக்கல" என்றார்.

"நான் பாக்கலைன்னா சரி, பின்னாடி உக்காந்திருக்கேன். ஓட்டுற உங்களுக்கே தெரியலையே. ஆடு வந்துச்சு, நின்னுச்சு. இன்னும் பத்தடி முன்னாடி வந்திருந்தா? நம்ம ஊர்ல ரோட்டுலதேன் நெல்லு காயுது, ரோட்டுலதேன் மாடு படுக்குது. இந்த வண்டிக்கு ஏத்த ரோடு எங்கிட்டோ இருக்கு. அங்கன இருக்கிறவுக ஓட்டட்டும்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார். "எண்ணெய் விசயத்தைச் சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கே வித்திருப்பேன். நீயா வந்து சொல்லி, நீயா இம்புட்டு தூரம் வந்து, இப்ப விக்கச் சொல்றியே."

"அன்னைக்கு வித்திருந்தா அந்தப் பிள்ளை பாவத்துல வித்ததா இருக்கும். இன்னைக்கு நான் ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன். ஆகாது."

அவர் டீக்குக் காசை எடுத்து வைத்தார். அவள் எழுந்து, எதிரில் புறப்பட நின்ற பஸ்ஸைக் காட்டினாள். "நான் இதுல வாரேன். நீங்க பாத்து மெதுவா வாங்க."

பஸ்ஸில் கடைசிக்கு முந்தின ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மலை இறங்கி, கூடலூர் கடந்தபோது கண்டக்டர் பையன் குனிந்து பின்கண்ணாடியைப் பார்த்தான். "யக்கா, அந்தப் பெரிய வண்டிக்காரரு குமுளியில இருந்து நம்ம பின்னாடியேதேன் வர்றாரு. வழி விட்டாலும் முந்த மாட்டேங்கிறாரு. அந்த மாதிரி வண்டியை வச்சுக்கிட்டு இப்படி ஒரு மனுசனா?"

"எங்க வீட்டுக்காரருதேன் தம்பி."

"சண்டையா?"

"இல்ல. வேகத்தைப் பாத்து ஓட்டுறாக."

பஸ் நின்ற இடமெல்லாம் வண்டியும் நின்றது. கம்பத்தில் கூட்டம் ஏறும்வரை அந்தப் புகையில், அந்தச் சூட்டில், காலூன்றிக்கொண்டு நின்றார். இந்த மனிதர் பஸ்ஸை முந்திப் போய் நிழலில் உட்கார்ந்தால் என்ன? அங்கே வேகம், இங்கே இந்தக் கூத்து. நடுவில் ஒன்று கிடையாதா இவருக்கு என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது. ஆனாலும் பஸ் புறப்படும் ஒவ்வொரு தடவையும், வருகிறாரா என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

சின்னமனூரில் இறங்கினாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் சிவந்து, தலைமுடி ஒட்டிக் கிடந்தது. போனை எடுத்து அங்கேயே டாக்டரைக் கூப்பிட்டார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா, இல்லை அவருக்குத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"ஆளு இருக்காம் ஜோதி" என்றார் போனைக் கையால் பொத்திக்கொண்டு. "கொச்சிக்காரரு. நாளைக்கே நான் ஓட்டிக் கொண்டுபோயி விட்டுட்டு வரட்டான்னு கேக்கவா?"

"எங்கிட்டு, கொச்சிக்கா?" அவள் ஹெல்மெட்டை அவர் கையில் திணித்தாள். "நீங்க ஒரு எடத்துக்கும் ஓட்டிட்டுப் போக வேணாம். வேணுங்கிறவரு இங்கன வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு சொல்லுங்க."

சுருளிராஜன் போனிலிருந்து கையை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.